பலகைக்கு அடியில் என்ன?

அத்தியாயம் 6

சிகரெட்டை விட்டு அன்றைக்கு நாலாவது நாள். ஆகவே இந்த அத்தியாயத்தில் நான் யார் மேலாவது எரிந்து விழுந்தால் பெரிதுபடுத்த வேண்டாம்.

மணி பத்தேகால். என் டாக்ஸி இர்பிதைத் தாண்டி அஜ்லூன் மலைச்சாலையில் முனகிக்கொண்டு ஏறியது. பின் சீட்டில் என் முதலாளியம்மா ஸித் விதாத், மோதிரத்தால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே வந்தார். அதற்குப் பதில் நேராக என் மண்டையிலேயே தட்டியிருக்கலாம்.

ஸித் விதாத் நிலப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் பிறத்தியார் பத்திரங்களைப் படித்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டு வாசலில் 'துப்பறிவாளர்' என்று எழுதி மாட்டினார். நான் ஷுக்ரி. அவருக்கு டிரைவர், உதவியாளர், திட்டு வாங்கும் துறைக்குத் தலைவர்.

"ஓட்டறியா, இறங்கித் தள்ளறியா?"

"ஏத்தம் ஸித். வண்டிக்கு மூச்சு வாங்குது. அதுவும் சிகரெட்டை விட்டுடுச்சோ என்னவோ."

"பன்னிரண்டு மணிக்குக் கோர்ட்டுல இருக்கணும். ஞாபகம் இருக்கா?"

"இதோட ஒன்பதாவது தடவை ஞாபகப்படுத்திட்டீங்க."

நான் தர்பூசணி விதையைக் கடித்துத் துப்பினேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த நாள் வேறு. எதிரே வந்த ஒவ்வொரு காரிலும் ஒரு பையன் ஜன்னல் வழியாக இடுப்பு வரை வெளியே தொங்கிக்கொண்டு கத்தினான். ஹாரன் சத்தத்தில் மலையே எழுந்து போயிருக்கும்.

கேஸ் இதுதான். கஃபர் ஸம்ரா கிராமத்தில் ஹாஜ் மிஸ்லிஹ் என்ற பெரியவர் நாலு மாதம் முன்னால் இறந்துபோனார். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவள் ரஸ்மிய்யா, வயது அறுபத்தொன்று. கல்யாணம் செய்துகொள்ளாமல் அப்பாவைக் கடைசி வரை பார்த்துக்கொண்டவள். இளையவன் ஃபவ்வாஸ், முப்பது வருஷமாகத் தலைநகர் அம்மானில் வாசம். பெரியவர் முக்தாரை, அதாவது ஊர்த் தலைவரை வைத்து ஒரே ஒரு வரி எழுதி, கீழே முத்திரை மோதிரத்தைப் பதித்துவிட்டுப் போயிருந்தார்.

'பலகைக்கு அடியில் இருப்பது என் மகள் ரஸ்மிய்யாவுக்கு.'

துக்கக் கூடாரத்தில், மூன்றாம் நாள், நூறு பேருக்கு முன்னால் முக்தார் இதை வாசித்தார். ஃபவ்வாஸ் சிரித்துவிட்டு அங்கேயே பேனாவை வாங்கி, 'எனக்குச் சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். ஒரு பலகைக்கு அடியில் என்ன கிடக்கப் போகிறது, பூரான்தானே என்று நினைத்திருப்பான்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்தான். எங்கள் நாட்டில் எந்தக் கிழவர் செத்தாலும் ஊர் கேட்கும் முதல் கேள்வி, 'துருக்கிக்காரன் புதைச்ச தங்கம் எங்கே?' என்பதுதான். எட்டாம் நாள் ஃபவ்வாஸுக்கு அந்த ஜுரம் வந்துவிட்டது. 'அடியில்' என்றால் புதையல்தானே! வீட்டுத் தரையை உடைத்தான். அலமாரிகளைக் கவிழ்த்தான். நிலைப்படியைப் பெயர்த்தான். சிக்கல் அந்தச் சொல்லில் இருந்தது. எங்கள் பேச்சில் பலகைக்கு 'லோஹ்' என்போம். ஜன்னல் கண்ணாடியும் லோஹ், சாக்லேட் கட்டியும் லோஹ், மரமண்டையும் லோஹ். கடைசி அர்த்தத்தில் ஸித் விதாத் என்னைத் தினமும் கூப்பிடுகிறார்.

ஆனால் கஃபர் ஸம்ராவில் வெறுமனே லோஹ் என்றால் ஒன்றே ஒன்றுதான், கதிரடிக்கும் பலகை. அடிப்பக்கம் வரிசையாகக் கருங்கல் பல் பதித்த கனத்த பலகை. அறுத்துப் போட்ட கோதுமை மேல் கழுதை இழுத்துக்கொண்டு சுற்றும். இதை ரஸ்மிய்யா சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவள் கொட்டகைக்கு ஓடிப் பார்ப்பதற்குள், தரை உடைக்க இடம் வேண்டும் என்று தம்பி பழைய சாமான் மொத்தத்தையும் ஒரு தோட்ட அலங்காரக்காரனுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டிருந்தான். பலகையும் போயிற்று.

அன்று காலை ஏழு மணிக்கு அவளைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம். சாலையோரம் வட்டமாகக் கல் பாவிய ஒரு சமதளம். நான் வண்டியை அதன் மேலேயே நிறுத்தினேன். அதன் ஓரத்தில் ஓர் அறை, ஒரு ரொட்டி அடுப்பு. அவ்வளவுதான் அவள் வீடு. முழங்கை வரை மாவோடு வந்தாள்.

"இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு காஜி முன்னால விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துக் கேக்கறான். எல்லா நிலத்துலயும் என் பங்கை விட்டுக் கொடுக்கணுமாம். இந்த அறையும் போயிடும். அம்மான்ல அவன் சமையலறைக்குப் பக்கத்துல ஒரு கட்டில் போடறானாம்."

"பங்கைக் கேளு. சட்டப்படி உனக்கு உண்டு" என்றார் ஸித் விதாத்.

"தம்பி மேல கேஸ் போட்டுப் பங்கு வாங்கினாள்னு ஊர் சொல்லும், ஸித். என்னால தாங்க முடியாது. கேட்டு வாங்கறது வேற, வாப்பா கொடுத்தது வேற. அவர் கொடுத்தது ஒரு குண்டூசியா இருந்தாலும் சரி, அதைக் கெட்டியாப் பிடிச்சுக்குவேன். அந்தப் பலகையில எதுவும் இல்லேன்னா கையெழுத்துப் போட்டுடறேன்." பிறகு அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அந்தப் பலகை ஓடும்போது பாரத்துக்கு என்னையும் அவனையும்தான் மேல உக்கார வைப்பாரு. விழுந்து தாடை கிழிஞ்சவன் அவன்தான், இன்னும் தழும்பு இருக்கு. மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன். எந்த அடுப்புல வேகும்னுதான் தெரியலை."

அந்த நேரத்தில் ஒரு சிகரெட் கிடைத்திருந்தால் பிடித்திருப்பேன், பொய் சொல்ல மாட்டேன்.

---

தோட்டக்காரன் பெயர் நஷ்அத். குடுமி, வாசனைத் தைலம், பை பையாகத் தைத்த கால்சட்டை. அவன் தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஏருக்கு ஊதா வண்ணம் அடித்து அதன் கொழுவில் பூந்தொட்டி தொங்கவிட்டிருந்தான். மாடு தண்ணீர் குடித்த கல்தொட்டியில் துளசி. கோதுமை அளக்கிற மரக்காலில் கற்றாழை. பால் கேனில் ஜெரேனியம். சல்லடைக்கு நடுவில் முள் வைத்துக் கடிகாரமாக்கியிருந்தான். ஒரு பழைய டிராக்டர் இருக்கை, மூன்று கால் முளைத்து நாற்காலியாக நின்றது.

"இங்க ரெண்டு நிமிஷம் சும்மா நின்னா நம்ம தலையிலயும் மண்ணைப் போட்டு எதையாவது நட்டுடுவான், ஸித்."

"உன் தலையில எதுவும் முளைக்காது. நட."

நஷ்அத் கையை விரித்துக்கொண்டு வந்தான். "அஹ்லன் அஹ்லன்! உக்காருங்க, காபி கொண்டு வரச் சொல்றேன். எதுக்கு அலங்காரம், கல்யாணத்துக்கா, பால்கனிக்கா?"

"பலகை" என்றார் ஸித் விதாத். "கஃபர் ஸம்ராவுல ஃபவ்வாஸ் கொடுத்தது."

"ஆ! என் அழகி! வாங்க, வாங்க."

பின்சுவரில் மாட்டியிருந்தான். ஆள் உயரப் பலகை, முன்னால் வளைந்த மூக்கோடு. அடிப்பக்கம் எங்களைப் பார்த்தபடி நின்றது. வரிசை வரிசையாகக் குழிகள், ஒரு குழியிலும் கல் இல்லை. ஒவ்வொன்றிலும் பொத்தான் அளவில் ஒரு சதைப்பற்றுச் செடி, பச்சையும் சிவப்புமாக முளைத்திருந்தது.

"கல்லெல்லாம்?" ஸித் விதாத்தின் குரல் கொஞ்சம் இறங்கியது.

"நோண்டி எடுத்துட்டேன். நூத்தி அறுபத்தெட்டுக் குழி, ஒவ்வொண்ணையும் நானே உளியால சுத்தம் பண்ணேன். கல்லு அதோ, அந்த மீன் தொட்டியில கிடக்கு."

"குழியில ஏதாவது இருந்துச்சா? காகிதம், தகடு, காசு?"

"தங்கம் கேக்கறீங்களா?" நஷ்அத் கடகடவென்று சிரித்தான். "தங்கம் இருந்திருந்தா நான் ஏன் இங்க கற்றாழைக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கேன்?"

நியாயமான பதில். நான் மணியைப் பார்த்தேன். பத்து ஐம்பது.

"ஸித், 'பலகைக்கு அடியில'ன்னாரு பெரியவர். அடி இப்போ நம்ம மூஞ்சிக்கு நேரா நிக்குது. செடியைத் தவிர ஒண்ணும் இல்லை. வேணும்னா ரஸ்மிய்யாவுக்கு ரெண்டு செடி வாங்கிட்டுப் போவோம்."

"வாயை மூடு, லோஹ். இதைத் திருப்பிக் காட்டுங்க, நஷ்அத். மறுபக்கம் பாக்கணும்."

"ஐயோ, முடியாதுங்க! இப்பதான் வேர் பிடிச்சிருக்கு. கழட்டினா உதிர்ந்துடும்."

அந்த நேரம் காபி வந்தது, ஏலக்காய் மணக்க, சின்னக் கோப்பையில். ஸித் விதாத் வாங்கினார். உதட்டருகே கொண்டுபோனவர், குடிக்காமல் மெதுவாகக் கல்மேடையில் வைத்துவிட்டார்.

நஷ்அத்தின் முகம் வெளுத்தது. எங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், வந்தவர் காபியைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவருக்கு ஒரு வேண்டுதல் இருக்கிறது என்று அர்த்தம். அது நிறைவேறும் வரை தொட மாட்டார். தொடாமலே எழுந்து போய்விட்டால், அந்த வீட்டுக்காரன் ஊரில் தலைகாட்ட முடியாது. குடுமி வைத்தாலும் அவன் இந்த ஊர்க்காரன்தானே.

"ஸித், காபியைக் குடிங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பலகை."

"ஆறிடும் ஸித்."

"ஆறட்டும்."

ஐந்து நிமிடம் கெஞ்சினான். பிறகு பெருமூச்சு விட்டான். நானும் அவனுமாகப் பலகையை இறக்கினோம். அப்பப்பா, என்ன கனம்! இடுப்பு போச்சு. திருப்பினோம். மறுபக்கம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. இரண்டு குறுக்குச் சட்டம், ஓர் இரும்பு வளையம், ஒரு சிலந்தி. ஸித் விதாத் சட்டங்களைத் தட்டிப் பார்த்தார். பொந்து இல்லை. எழுத்து இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

மணி பதினொன்று ஐந்து. அந்த மாவும், அந்த அடுப்பும் கண்ணுக்குள் வந்து நின்றன. வெறுங்கையோடு போய் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? எனக்குத் தங்கத்தின் மேல் கோபம், கிழவரின் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சிலந்தியின் மேல் கோபம்.

"நீங்க கேட்டதைச் செஞ்சுட்டேன். இப்பவாவது குடிங்க" என்றான் நஷ்அத்.

"நான் கேட்டது இன்னும் கிடைக்கலை."

"இல்லாததை நான் எங்கேர்ந்து கொடுப்பேன்?" அவன் உண்மையிலேயே நொந்துபோனான். பலகையைக் குழந்தை மாதிரி தடவிக்கொடுத்தான். "போச்சு, மூணு செடி உதிர்ந்துடுச்சு. அடுத்த வாரம் புது இடத்துக்குப் போறப்ப இதைத்தான் வாசல்ல வைக்கணும்னு இருந்தேன்."

"என்ன புது இடம்?" ஸித் விதாத் கடனே என்று கேட்டார். கண் இன்னும் இரும்பு வளையத்திலேயே இருந்தது.

"ரோட்டோரமா, அருமையான இடம். தோட்டம், காபிக் கடை, எல்லாம் வரப்போகுது. இன்னிக்கு ஒரு மணிக்குப் பத்திரம். இதைக் கொடுத்தாரே ஃபவ்வாஸ், அவர் இடம்தான். பழைய களம், வட்டமாக் கல் பாவினது. இந்தப் பலகை அந்தக் களத்துல ஓடினதுதானாம்! சுவத்துல மாட்டக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டேன். அங்கேயே கொண்டுபோய்க் களத்து மேல படுக்க வைக்கப் போறேன். பலகைன்னா அதுக்கு அடியில களம் இருக்கணும் ஸித், அப்பதானே அழகு!"

ஸித் விதாத்தின் கண் வளையத்தை விட்டு அவனிடம் திரும்பியது. நான்கூட விதை கடிப்பதை நிறுத்திவிட்டேன்.

அவர் கல்மேடைக்குப் போனார். ஆறிப்போன காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஆட்டி, போதும் என்று நஷ்அத்தின் கையில் கொடுத்தார்.

"கிடைச்சாச்சு. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் கொடுக்கட்டும். ஆனா அந்தக் களம் உங்களுக்குக் கிடைக்காது." என் பக்கம் திரும்பினார். "டேய், காலையில வண்டியை எங்கே நிறுத்தினே?"

"ரஸ்மிய்யா வீட்டு முன்னால, அந்த வட்டமான..." நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "யா அல்லாஹ்! புதையல் மேலேயே நிறுத்திட்டு வந்தேனா?"

"ஓடு. வண்டியை எடு."

---

இறக்கத்தில் வண்டிக்கு உயிர் வந்தது. ஆனால் பாதி வழியில் பதினைந்து கார் ரிசல்ட் ஊர்வலம் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. நான் ஹாரன் அடித்தேன். அவர்கள் என்னையும் பாஸானவனின் மாமா என்று நினைத்துப் பதிலுக்கு அடித்தார்கள். ஸித் விதாத் ஜன்னலை இறக்கி, "என் மகன் தொண்ணூத்தெட்டு! பள்ளிக்கூடத்துல காத்துக்கிட்டு இருக்கான்!" என்று கத்தினார். கடல் பிளந்த மாதிரி வழி விட்டார்கள். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை.

"பெரியவர் 'களம்'னு நேராவே எழுதியிருக்கலாமே ஸித்?"

"எழுதியிருந்தா மகன் சம்மதம்னு கையெழுத்துப் போட்டிருப்பானா? நம்ம ஷரீஅத் சட்டத்துல வாரிசுக்கு எழுதின உயில் செல்லாது. மத்த வாரிசு சம்மதிச்சா மட்டும்தான் செல்லும், அதுவும் சாவுக்கு அப்புறம் சம்மதிக்கணும். மகன் எதைப் பார்த்துச் சிரிப்பான்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் 'அடியில'ன்னதும் தோண்ட ஆரம்பிச்சிட்டோம், நான் உள்பட. முப்பது வருஷம் பத்திரம் படிச்சு என்ன புண்ணியம்!"

"அப்போ நீங்களும் லோஹ்தான்."

"ரோட்டைப் பாரு."

---

ஷரீஅத் கோர்ட்டில் காஜியின் அறைக்குள் நாங்கள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடம். ரஸ்மிய்யா மேசைக்கு முன்னால் நின்றாள். பேனா அவள் கையில் இருந்தது. நகக்கண்ணில் இன்னும் மாவு. பக்கத்தில் ஃபவ்வாஸ், இஸ்திரி போட்ட சட்டையில். சாட்சிக்கு வந்த முக்தார் நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

ரஸ்மிய்யா என்னைப் பார்த்தாள். கிடைத்ததா என்று கண்ணாலேயே கேட்டாள்.

"ஒரு நிமிஷம் காஜி அவர்களே" என்றார் ஸித் விதாத். "ஃபவ்வாஸ், இதைக் கொஞ்சம் பாருங்க." செல்போனை நீட்டினார். தோட்டத்தில் எடுத்த, செடி முளைத்த பலகையின் படம்.

"சீச்சீ, என்ன இது!" ஃபவ்வாஸ் சிரித்துவிட்டான். "நம்ம வீட்டு லோஹா? செடி நட்டிருக்கான், பைத்தியக்காரன்."

"தெரியுதா?"

"தெரியாமலா? அஞ்சு வயசுல இது மேலதான் சவாரி. பாரத்துக்கு உக்கார வைப்பாரு வாப்பா. நமக்கு அது ராட்டினம்."

"தாடையில தழும்பு?"

"அதுவும் இதோட புண்ணியம்தான்." அவன் தாடையைத் தடவிக்கொண்டான். "கழுதை சடக்குனு திரும்பிச்சு. குப்புற விழுந்தேன்."

"எது மேல விழுந்தீங்க? வைக்கோல் மேலயா?"

"வைக்கோல்னா ஏன் கிழியுது? பலகைக்கு அடியில எது இருக்கும், களம்தானே! கல்லு மேல..."

அவன் நிறுத்தினான்.

ஸித் விதாத் கைப்பையிலிருந்து பெரியவரின் சீட்டை எடுத்து காஜியின் முன் விரித்தார். காஜி இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கீழே இருக்கறது உங்க கையெழுத்துத்தானா?"

"ஆமா, ஆனா நான் நினைச்சது..."

"நினைச்சதைக் கேக்கலை. பலகைக்கு அடியில என்ன இருக்கும்னு இப்ப நீங்களே சொன்னீங்க. நானும் கேட்டேன், முக்தாரும் கேட்டார்."

முக்தார் திடுக்கிட்டு விழித்தார். சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "அட! எழுதச் சொல்லும்போது ஹாஜ் சிரிச்சார். 'பையனுக்குப் பலகை ஞாபகம் இருக்கும், தான் விழுந்த இடம் ஞாபகம் இருக்காது'ன்னார். காய்ச்சல்ல உளறறார்னு விட்டுட்டேனே!"

ரஸ்மிய்யா பேனாவை மேசையில் வைத்தாள். முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். சந்தோஷமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை; இரண்டும்தான்.

"அக்கா" என்றான் ஃபவ்வாஸ். "பத்திரம் ஒரு மணிக்கு. வாங்கற ஆளுக்கு வாக்குக் கொடுத்துட்டேன். யோசிச்சுப் பாரு அக்கா, ஒரு அறை, ஒரு அடுப்பு, அதுக்கு இவ்வளவா?"

அவள் கிட்டே போய் அவன் தாடையைப் பிடித்துத் தழும்பைத் திருப்பிப் பார்த்தாள், சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போல.

"அன்னிக்கு உன்னைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினது நான்தாண்டா. நாலு கிலோமீட்டர், செருப்பில்லாம. அந்தக் களத்துல உன்னோடது அந்த ரத்தம் மட்டும்தான். மிச்சம் எனக்கு வாப்பா கொடுத்தது. நீ வந்தா ரொட்டி உண்டு, எப்பவும் உண்டு. நிலம் கிடையாது."

ஃபவ்வாஸின் செல்போன் அடித்தது; திரையில் நஷ்அத்தின் பெயர். எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெளியே படிக்கட்டில் எவனோ பற்ற வைத்த சிகரெட்டின் புகை வந்தது. நான் நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டேன், இலவசம்தானே. ஸித் விதாத் ரஸ்மிய்யாவின் தோளில் கை வைத்தார்.

"வாம்மா, ஒரு காபி குடிப்போம். இன்னிக்குக் கீழே வைக்காம குடிக்கலாம்."

"காபியெல்லாம் அப்புறம் ஸித்." அவள் முக்காட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு படியில் வேகமாக இறங்கினாள். "தம்பி ஷுக்ரி, வண்டியை எடு. மாவு புளிச்சிடும்."